திருத்தத்தை அணைத்து எடுத்த அளவு

செப். 8, திங்கள்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. அரியாங்குப்பம் தாண்டிக் கடலோரக் குப்பத்தில் மீதி பதினோரு வீடு. கையில் ஜி.பி.எஸ். கருவி, நான்கு பேட்டரி, தண்ணீர் பாட்டில். தொப்பி மறந்தாச்சு. கட்டடம் கூடாத கடலோர எல்லைக் கோட்டுக்குள் வரும் சுவர்களில் சிவப்புப் பெயிண்டில் குறி போட வேண்டும். குறி போட்டதை இடிப்பார்கள்.

மீன் விற்கும் பூங்காவனம் அக்காவின் சமையல்கட்டு மூன்று மீட்டர் உள்ளே. போட்டேன். அக்கா விடவில்லை.

"எங்க ஊட்டுக்காரரு எல்லைக் கல்லுலேர்ந்து கயிறு புடிச்சு அளந்துதான் கட்டுனாரு சார். கோட்டுக்கு இந்தாண்டதான் இருக்குது."

"கயிறு நீளும், சுருங்கும். சாட்டிலைட் பொய் சொல்லாதுக்கா." சிரித்தேன் வேறு. அக்கம்பக்கத்தார் முன்னால்.

செப். 10, புதன்

மேகமூட்டம். நோணாங்குப்பம் போட் ஹவுஸ் பக்கம் சரியான இடம் பதிவேட்டில் உள்ள பழைய சர்வே கல். சும்மா கருவியை அதன் மேல் வைத்தேன். ஆறு மீட்டர் தள்ளிக் காட்டியது.

செட்டிங்கில் பார்த்தால் திருத்தம் 'ஆஃப்'. ஜி.பி.எஸ். அளவில் வரும் பிசகைச் சரிசெய்ய இன்னொரு சாட்டிலைட் திருத்தம் அனுப்பிக்கொண்டே இருக்கும். பேட்டரி மதியத்தோடு தீர்கிறதே என்று போன வெள்ளிக்கிழமை நானேதான் அதை அணைத்தேன். மறந்தும் போனேன். ஆன் செய்து பத்து நிமிடம் காத்திருந்தேன். திருத்தம் வருகிறது என்று காட்டும் 'D' எழுத்து திரையில் வந்தது. பிசகு ஒன்றரை மீட்டர்தான்.

சீ. 'D' வராமல் அளக்காதே என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்கள்.

செப். 11, வியாழன்

விடிந்ததும் குப்பம். அக்கா மீன் எடுக்கப் போயிருந்த நேரம், திருடன் மாதிரி மறுபடி அளந்தேன். மூன்று தடவை. சுவர் கோட்டுக்கு வெளியே இரண்டு மீட்டர்.

ஆபீசில் சூப்பர்வைசரிடம் சொன்னேன்.

"ரிப்போர்ட் நேத்தே போயிடுச்சுய்யா. இப்ப போயி தப்புன்னா எல்லா ஊட்டையும் திரும்ப அளக்கணும். கம்முனு கெட."

தலையாட்டினேன். தலையாட்டிவிட்டு இரண்டு வடையும் தின்றேன். த்தூ.

வரும் வழியில் அம்மாவுக்கு மாத்திரை, துவரம்பருப்பு.

செப். 13, சனி

தூறல். சொல்லிவிடுவது என்று போனேன். சமையல்கட்டையே காணோம். செங்கல் அடுக்கி வைத்திருந்தது. அடுப்பு வெளியே, மேலே பழைய ஃபிளெக்ஸ் பேனர்.

"இடிக்கிற மெஷினு வந்தா மொத்த ஊடும் ஆடிப்போயிடும்னு நாங்களே இடிச்சுட்டோம். டீ குடிக்கிறியா சார்?"

சொன்னேன். திருத்தத்தை அணைத்தது நான், சுவர் வெளியேதான் இருந்தது, எல்லாம். மண்ணை வாரித் தூற்றுவார் என்று நினைத்தேன். கத்தக்கூட இல்லை. பிறகு உள்ளே போய் மகளின் நோட்டிலிருந்து ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்தார்.

"இப்ப சொன்னத எழுதிக் குடு. திரும்பக் கட்டறப்ப கேப்பாங்கல்ல."

எழுத்தில் கொடுத்தால் வேலை போய்விடும். வாயால் சொன்னால் மனசு ஆறும் என்றுதானே வந்தேன், வெட்கங்கெட்டவன். எழுதினேன். 'கருவிக் கோளாறு காரணமாக' என்று ஆரம்பித்து.

மகள் சத்தமாகப் படித்தாள். அக்கா கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"கருவியா சார்?"

'கருவிக் கோளாறு' என்பதை அடித்துவிட்டு, என் பெயரை எழுதினேன்.