பார்க்க மட்டும்

கட்டுகஸ்தோட்டை,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு,

திலக்ஷன் எழுதுவது. போனை எடுக்காத மனிதருக்குக் கடிதம்தான் எழுத வேண்டியிருக்கிறது. லீவு முடிந்து டோஹா திரும்பும் றொசானிடம் இதைக் கொடுத்து விடுகிறேன். நீங்கள் பிரித்து வாசிக்கும்வரை உங்கள் கட்டிலை விட்டு எழும்பக் கூடாது என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

அம்மாவும் தர்ஷிகாவும் என்னோடு இந்த அறையில்தான் இருக்கிறார்கள். அம்மாவுக்குச் சீனி கூடியிருக்கிறது. மருந்து குடிக்கிறார், சோற்றைக் குறைக்கத்தான் மாட்டேன் என்கிறார். தர்ஷிகாவைப் பக்கத்துப் பாடசாலையில் சேர்த்தாயிற்று. நன்றாக எழுதுகிறாள், பேச்சுத்தான் இல்லை என்று டீச்சர் சொன்னார். உங்களைப் பற்றிக் கேட்டபோது றொசானும் அதையேதான் சொன்னான்: "சாப்புடுறாரு, வேலைக்கு வாராரு, வாயத்தான் தொறக்க மாட்டேங்குறாரு." தகப்பனும் மகளும் போட்டி போடுகிறீர்கள் போலிருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

மண்சரிவில் வீடிழந்த நம் ஹுன்னஸ்கிரியத் தோட்டத்து மேற்பிரிவுக் குடும்பங்களுக்குத் தெல்தெனியப் பக்கம் காணி கேட்டிருக்கிறோம். மாவட்டக் கச்சேரி அதிகாரிகளுக்கு விளக்கிக் காட்டுவதற்கு ஸ்லைட் செய்து தரும்படி குழுத் தலைவர் தியாகராஜா அண்ணன் கேட்டார். "கொம்பியூட்டர் படிச்சவன் நீ ஒருத்தன்தான், செஞ்சு குடு தம்பி" என்றார். செய்தேன். ஆறாவது ஸ்லைடில் இறந்தவர்களின் பெயர்கள். ஒன்பதாவதில் வீடு வேண்டிய குடும்பங்கள், ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர் என்ற விபரம். அவரவர் விபரத்தை அவரவரே சரிபார்க்கட்டும் என்று நினைத்து, லிங்க் கிடைத்த யாரும் திருத்தலாம் என்ற அனுமதியோடு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டேன். நெட்வேர்க் வேலை பார்க்கிறவன் செய்யக்கூடிய காரியம் இல்லை அது. செய்தேன்.

அதன் பிறகு நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும். முதல் ஸ்லைடில் முருகன் வந்து நின்றார். மண்சரிவுப் படத்தின் நாலு மூலையிலும் யாரோ ரோசாப்பூ வைத்தார்கள். ஏதோ ஒரு பிள்ளையின் விரல் பட்டுத் தலைப்பு முழுவதும் ரோஸ் நிறமானது. றமீலா அக்கா தன் வீட்டு நாயையும் குடும்பத்தில் ஒரு ஆளாகச் சேர்த்திருந்தார். நாய்க்கெல்லாம் காணி கேட்க முடியாது அக்கா என்று ஏசினேன். "அதுவுந்தான தம்பி அன்னைக்கு எங்களோட ஓடி வந்துச்சு" என்றார். நாயை எடுத்துவிட்டேன்.

ஆறாவது ஸ்லைடில் என் அக்கா சுதர்சினியின் பெயர் காணாமல் போனதையும் முதலில் இந்தக் கணக்கில்தான் சேர்த்தேன். திரும்பப் போட்டேன். மறுநாள் பார்த்தால் மீண்டும் இல்லை. கோப்பின் பழைய வடிவங்களைத் திறந்து பார்த்தேன். இந்தக் கோப்புகள் எதையும் மறப்பதில்லை மச்சான். யார் வந்தார், எதை எடுத்தார், எல்லாவற்றையும் நிறம் போட்டுக் காட்டும். உங்கள் பெயர் பச்சையில் இருந்தது.

நான் அம்மாவிடமும் சொல்லவில்லை, உங்களிடமும் கேட்கவில்லை. மாலையில் நான் பெயரைப் போடுவேன். காலையில் நீங்கள் எடுப்பீர்கள். அக்கா போன பிறகு நாம் இருவரும் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

போன வாரம் திங்கட்கிழமை கச்சேரியில் கூட்டம். நேரடியாக லிங்கைத் திறந்தே காட்டினேன். பொறுப்பான உத்தியோகத்தர் பஸீஹா மிஸ், நல்ல மனுசி. கிராம சேவகர் கொடுத்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் பேனையால் தொட்டு வந்தார். அறிக்கையில் ஒன்பது பேர், திரையிலும் ஒன்பது பேர். கடைசிப் பெயர் அக்காவுடையது, உடல் கிடைக்காதவள் என்பதால் கடைசியில் போட்டிருந்தோம். அங்கே நீங்கள் வேலைக்கு பஸ் ஏறும் நேரமாக இருக்க வேண்டும். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்த வரி திரையிலிருந்து போனது. அதிரவில்லை, மங்கவில்லை. இருந்தது, இல்லை.

பஸீஹா மிஸ் பேனையை எடுத்துவிட்டு, "என்ன தம்பி இது, நாங்க பாத்துக்கொண்டு இருக்கக்கொள்ளயே ஆள் இல்லாமப் போகுதே" என்றார். அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. ஆனால் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அம்மா என் பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

நெட்வேர்க் பிழை என்று சொன்னேன். பொய். நெட்வேர்க் பிழை ஒரு பெண்ணின் பெயரை மட்டும் தேடிப் பிடித்து எடுக்காது. யார் வேண்டுமானாலும் மாற்றக்கூடிய பட்டியலை மேலே அனுப்ப முடியாது, அறிக்கையோடு ஒத்துப்போகிற, யாரும் கைவைக்க முடியாத ஒன்றைக் கொண்டு வாருங்கள் என்று வருகிற திங்களுக்குத் தவணை கொடுத்தார். இன்னொரு தவணை இல்லை என்றும் சொன்னார். ஹட்டனிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்களாம். திரும்பும்போது பஸ்ஸில் தியாகராஜா அண்ணன் என்னை ஏசியிருந்தால் பரவாயில்லை. "சந்திரன்தானே? விடு தம்பி" என்று மட்டும் சொன்னார். நீங்கள்தான் என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது.

அன்று உங்களுக்கு அனுப்பிய வொய்ஸ் மெசேஜில் கொஞ்சம் கெட்ட வார்த்தை இருந்தது. சொன்ன விஷயம் சரிதான்.

அன்றே பூட்டிவிட்டேன். உங்களையும் சேர்த்து எல்லாருக்கும் இனிப் பார்க்க மட்டும்தான் அனுமதி. பிரதி எடுக்கவும் முடியாது. ஸ்லைடுகளை பி.டி.எஃப். ஆக்கி பென்ட்ரைவில் வைத்திருக்கிறேன், கூட்டத்தில் அதைத்தான் காட்டுவேன். இணையம் செத்தாலும் அது சாகாது.

பூட்டிய மறுநாளிலிருந்து உங்களிடமிருந்து திருத்த அனுமதி கேட்டு ஈமெயில் வருகிறது. முதலில் வெறும் கோரிக்கை. நான் தொடவில்லை. நேற்று வந்ததில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். "மாப்புள, அந்தப் பேர மட்டும் எடுத்துரு, மத்ததெல்லாம் நீ சொல்றபடி." அதற்குத்தான் இந்தக் கடிதம்.

பூட்டிய பிறகு முதலிலிருந்து கடைசிவரை ஒவ்வொரு ஸ்லைடாகச் சரிபார்த்தேன். ஒன்பதாவதில் உங்கள் வீட்டு வரியில் வந்து நின்றேன். நான் இரண்டு பேர் என்று போட்டிருந்தேன். அங்கே மூன்று என்று இருந்தது. சந்திரகுமார், சுதர்சினி, தர்ஷிகா. முதல் நாளே செய்திருக்கிறீர்கள். ஆறாவதிலிருந்து எடுத்து இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறீர்கள். கூட்டம் ஆறாவதிலேயே நின்றதால் யாரும் பார்க்கவில்லை. நீங்கள் அழிக்கிறீர்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

றமீலா அக்காவின் நாயை ஒரு நொடியில் எடுத்த எனக்கு அந்த மூன்றை இரண்டாக்கக் கை வரவில்லை. தர்ஷிகா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா சரியாத்தான மாமா போட்டுருக்காரு" என்றாள். இங்கே வந்த பிறகு அவள் பேசிய ஒரே முழு வசனம் அதுதான்.

அம்மா அடுப்படியிலிருந்து கேட்டிருக்கிறார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஸ்கிரீனை வெகுநேரம் பார்த்தார். "எடுத்துரு தம்பி. ஊரான் புள்ளைங்களும் கோயில் மண்டபத்துல தார்ப்பாய்க்குக் கீழதான் படுத்திருக்குதுங்க" என்றார். அவரும் பெற்றவர்தான் மச்சான். உங்களுக்கு மட்டும் போன ஆள் இல்லை அக்கா.

எடுத்துவிட்டேன். ஆறாவதில் ஒன்பது பேர், உங்கள் வீட்டில் இரண்டு பேர். அது அப்படியேதான் இருக்கும்.

எடுப்பதற்கு முன்னால் ஒன்று செய்தேன். ஒரு கோப்பில் ஒரு ஸ்லைடை மட்டும் பூட்டவோ திறக்கவோ வழியில்லை, முழுக் கோப்புத்தான். அதனால் நீங்கள் மூன்று பேர் என்று போட்ட அந்த ஸ்லைடைத் தனிக் கோப்பாகப் பிரதி எடுத்து, அதன் உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றிவிட்டேன். ஈமெயிலில் வந்திருக்கும், ஏற்றுக்கொள்ளுங்கள். ஏற்றுக்கொண்டதும் என் அனுமதியை நீக்கிவிடுங்கள். அதை நான் உட்பட யாரும் தொட முடியாது. அங்கே அக்காவை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள். கச்சேரிக்குப் போவதில் மட்டும் கைவைக்காதீர்கள். திருத்த அனுமதி கேட்ட உங்கள் கோரிக்கைகளுக்கு நான் மறுப்பும் போடவில்லை, அப்படியே கிடக்கின்றன.

இன்னொன்று. காணி கிடைத்தால், எந்தத் துண்டு யாருக்கு என்று சீட்டுக் குலுக்கித்தான் கொடுப்பார்கள். அன்று குடும்பத் தலைவர் நேரில் வந்து கையெழுத்து வைக்க வேண்டும். போனில் முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன், முடியாதாம். அக்கா கிடைத்த பிறகு வருகிறேன் என்று அன்றைக்குச் சொன்னீர்கள். தேடுவதை நிறுத்தி வெகுநாளாகிறது. தர்ஷிகா கிடைத்திருக்கிறாள், அவளுக்காக வாருங்கள்.

திங்கட்கிழமை பெயர்களை நான்தான் எழும்பி நின்று வாசிக்க வேண்டும். திரையில் பென்ட்ரைவில் இருப்பதுதான் ஓடும். பக்கத்தில் லெப்டொப்பில் மூலக் கோப்பைத் திறந்து வைத்திருப்பேன். பஸ் ஏறிய பிறகு நீங்களும் திறவுங்கள். திருத்த முடியாது, ஆனால் நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தால் மேல் மூலையில் உங்கள் பெயரோடு ஒரு சின்ன வட்டம் எனக்குத் தெரியும். எட்டுப் பெயரையும் மெதுவாக வாசிப்பேன். வட்டம் தெரிந்த பிறகுதான் அக்காவுக்கு வருவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மச்சினன்,
திலக்ஷன்