கனகுவின் ரத்தத்தில் என்ன பார்த்தாய்?

உ

எம்.ரெட்டியபட்டி
28.6.1991

பெங்களூரில் படிக்கிற என் அண்ணன் மகன் மருதுபாண்டிக்கு அத்தை முத்துத்தாய் எழுதுறது. இங்கே ஆடு மாடு சுகம், உன் மாமா சங்கையாவும் சுகம். மழைக்குத்தான் சுகமில்லை. நீ உடம்பு தேறினாயா, இன்னும் காய்ஞ்ச பருத்திமார்க் குச்சி மாதிரிதான் இருக்கியா?

பொங்கலுக்கு வந்தப்ப ஊசியோடு உட்கார்ந்து வீட்டில் எல்லார் ரத்தத்தையும் எடுத்தாயே. ரத்தத்தில் கண்ணுக்குத் தெரியாத உருண்டை இருக்கு, அதோட மேல்தோலில் கொக்கி கொக்கியா இருக்கு, எது எதைப் பிடிக்கும், எதை விடும்னு பார்க்கிறதுதான் படிப்புன்னு சொன்னாய். சேலையில் ஒட்டுற நாயுருவி மாதிரியான்னு கேட்டேன். அதேதான் அத்தைன்னு சிரிச்சாய். இதுக்கு எதுக்குய்யா பெங்களூர், நம்ம ஓடைக்கரை போதாதா?

என் மக கனகலட்சுமி கையைத்தான் ரொம்ப நேரம் பிடிச்சிருந்தாய். நரம்பு கிடைக்கலைன்னாய், நானும் நம்பினேன். பெங்களூர் திரும்பிப் போன மறுமாசமே முறைப்பெண் வேண்டாம்னு அண்ணனுக்கு எழுதிட்டாய். அதில் எனக்குக் கோபமில்லை. உன் கடுதாசிக்குக் கடுதாசி ஒரு கன்னடத்துப் பொண்ணு பேச்சு வருதே, அங்கே கொக்கி மாட்டிக்கிச்சு போலன்னு மாமாகிட்டச் சொல்லிச் சிரிச்சேன்.

ஆனால் கனகுவைப் பெண் கேட்டு வந்த பந்தல்குடி வீரபத்திரன் வீட்டில் இப்ப வாயே திறக்கலை. ஆள் விட்டு விசாரிச்சால், முறை மாப்பிள்ளையே ரத்தத்தைப் பார்த்துட்டு வேண்டாம்னுட்டானாமே, பிள்ளைக்கு உள்ளே என்ன கோளாறுன்னு கேட்குறாகளாம். நல்லகண்ணு பலசரக்குக் கடையிலும் இதே பேச்சு. எங்க வீட்டுக்காரர் ரத்தத்தையும்தான் எடுத்தான், அவரையுமா வேண்டாம்னான்னு கேட்டு அவுக வாயை அடைச்சுட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கே சந்தேகம் தட்டுது. என் ரத்தம் நல்லாருக்கு, மாமா ரத்தம் நல்லாருக்குன்னு எழுதினாய். கனகுவைப் பத்தி ஒரு வரி இல்லை. மறந்தாயா, மறைச்சாயா? அவ ஊசி போட்ட இடத்தைத் தடவித் தடவிப் பார்க்குறா.

ஆடி பிறக்குமுன்னே பஸ் ஏறி வா. ஒண்ணும் இல்லைன்னா மாமாவோடு பந்தல்குடி போய், வேண்டாம்னது என் இஷ்டம், அவ ரத்தத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லைன்னு நீயே சொல்லணும். முறைக்காரன் வாயால் வந்தால்தான் அவுக நம்புவாக.

ஏதாவது இருந்தாலும் நேரில் வா. எழுதிப் போட்டுறாதே. உன் கிறுக்கல் கையெழுத்தை நான் எழுத்துக்கூட்டி முடிக்கப் பொழுதாயிரும்னு, உன் கடுதாசியை எல்லாம் கனகுதான் பிரிச்சு வாசிக்கிறா.

நீ யாரைக் கட்டினாலும் நல்லா இருய்யா. என் பிள்ளையும் நல்லா இருப்பான்னு ஒரு வார்த்தை வந்து சொல்லு.

உன் அத்தை
முத்துத்தாய்