பின்கட்டில் பாய் விரித்த நாள்

14-7-71, புதன். தாம்பரம்.

பல மாதம் கழித்து இன்று தூரமானேன். பாயை எடுத்துக்கொண்டு பின்கட்டு அறையில் உட்கார்ந்தேன். முன்பெல்லாம் நாள் தள்ளியதைக் கர்ப்பம் என்று நம்பியிருந்துவிட்டு, இதைப் பார்த்ததும் மாமியார் முகம் வாடிவிடும். இன்று நிலைப்படியில் நின்று, "நிஜமாவே வந்துடுச்சா?" என்று சிரித்தார்.

சினைப்பையில் நீர்க்கட்டிகள் இருக்கும், உடம்பு இளைத்தால் மாதவிலக்கு சீராகும், அதற்கப்புறம்தான் பிள்ளை என்று லேடி டாக்டர் சொன்னதிலிருந்து, விடிந்ததும் என்னை ஏரிக்கரைக்கு நடக்க இழுத்துப்போகிறவர் மாமியார்தான்.

இந்த மூன்று நாளாவது தூங்கலாம் என்றிருந்தேன். கேழ்வரகு அடையும் கீரையும் வைத்த தட்டை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்:

"காலைல கிளம்பிடு. நீ முன்னால நட. நான் தொடாம பின்னாலயே வரேன்."