ஒரே ஒரு ஜோடி

அண்ணா,

நீ போனை எடுக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். கமிட்டியில் உட்கார்ந்து நீ எழுதிய குழந்தைப் பொருள் பாதுகாப்புச் சட்டம் இன்று என் பட்டறையைப் பூட்டிவிட்டது.

கால் வளைந்து பிறந்த பிள்ளைகளுக்கு நான் ஷூ தைக்கிறேன். ஒரு ஜோடி மாதிரி இன்னொரு ஜோடி இருக்காது. வந்த ஆய்வாளர், "ஒவ்வொரு மாடலுக்கும் மூணு ஜோடி சோதனைக்கு அனுப்பணும்மா, வெட்டித்தான் பார்ப்பாங்க" என்றார்.

"செஞ்சதே ஒண்ணுதான் சார். வெட்டிட்டா புள்ள எதைப் போடும்?"

"நான் என்னம்மா பண்றது? சட்டம் அப்படி."

பெரிய கம்பெனிக்காரன் மூன்றை வெட்டக் கொடுத்துவிட்டு லட்சம் ஜோடி விற்பான். நான்?

பொம்மைச் சாயம் உன் மகளைக் கொன்ற பிறகுதான் நீ இந்தச் சட்டத்துக்காக நாயாய் அலைந்தாய். அவளைத் தூக்கி வளர்த்தவள் நான். விஷம் விற்கிறவனைப் பிடிக்காதே என்றா சொன்னேன்? எழுதும்போது என் ஞாபகம் ஒருமுறைகூட வரவில்லையா?

பூட்டுமுன் ஒரு ஜோடியைப் பையில் ஒளித்து எடுத்து வந்துவிட்டேன். மாலையில் அதைப் போட்டுக்கொண்ட நாலு வயசுக்காரி, என் கையை உதறிவிட்டுத் தெருமுனைவரை தனியாக நடந்தாள்.

இது குற்றம்தான். வழக்குப் போடச் சொல். ஆனால் கோர்ட்டுக்கு நீயே வா. அவள் நடந்திருக்கக் கூடாது என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்.

உன் தங்கை