சரசு பேரில் எழுதிய மொய்

என் உசிரான அக்கா பாக்கியத்துக்கு,

சரசுவின் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீ பாதிக் கடிதத்திலேயே பதறிப்போய், "அடியே அஞ்சல, எம் புள்ளைக்கு என்னடி ஆச்சு?" என்று குழிக்குள்ளிருந்து எழும்பி வந்தாலும் வருவாய். உன் மகள் இப்போது பதுளைக்குக் கிட்ட, ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டமொன்றில் மருமகள். மாப்பிள்ளைக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அதிகம் பேசமாட்டான். நம் சரசு இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுவாள், கவலைப்படாதே.

அடுத்த செய்தி உனக்குப் பிடிக்காது. எங்களுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. வருகிற வாரம் பதுளையில் ரயில் கோச்சி ஏறி, தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பல்.

உனக்கு ஞாபகம் இருக்கும். பிரஜாவுரிமை கேட்டு என் வீட்டுக்காரர் இந்தியாவுக்கு மனுப் போட்டார், மச்சான் இந்த நாட்டுக்கே போட்டார். பீலித் தண்ணீரில் துணி துவைத்துக்கொண்டே நாம் இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சிரித்தோம். அந்த இரண்டு காகிதமும் ஒருநாள் நம் பிள்ளையை நடுவில் நிறுத்திவிடும் என்று யாருக்குத் தெரியும்? மச்சானும் நீயும் ஒருவர் பின்னால் ஒருவராகப் போய்ச் சேர்ந்த பிறகு அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் வளர்ந்தாள். ஆனால் எங்கள் பாஸ்போர்ட்டில் என் மகனின் பெயர் இருக்கிறது, அவள் பெயர் இல்லை. அவள் இந்த நாட்டுப் பிரஜையாம். கூட்டிக்கொண்டு போக வழியே கிடையாதாம். பாஸ்போர்ட் கந்தோரில் இருந்த ஐயா அதை எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் தெரியுமா? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, மேசையைப் புரட்டியிருப்பேன்.

தனியாக விட்டுவிட்டுப் போக முடியுமா? அதனால் கப்பலுக்கு முன்னால் கல்யாணம் என்று முடிவு செய்தோம். கட்டாயப்படுத்தவில்லை அக்கா, சத்தியமாக. பையன் வந்து பார்த்துவிட்டுப் போனதும் அவளிடம் கேட்டேன். "பரவால்ல சித்தி" என்றாள். அவள் பரவாயில்லை என்றால் ரொம்பப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். என் கருவாட்டுக் குழம்புக்கும் அப்படித்தான் சொல்லுவாள்.

செலவுக்கு உட்கார்ந்தோம். தாலியும் கூறைச் சேலையும் மாப்பிள்ளை வீடு. பந்தல், சாப்பாடு, மேளம், பிள்ளைக்குக் கொடுக்கிற சீர் எல்லாம் எங்கள் தலையில். என் வீட்டுக்காரர், "ரெக்காட்டு செட்டு இல்லாம கல்யாணமா? எழவு வீடுன்னு நெனப்பானுங்க" என்று குதித்தார். "நீங்களே ஒரு மூலையில நின்னு பாடுங்க" என்று சொல்லி அதை வெட்டினேன். மேளத்தை மட்டும் விட்டுவைத்தேன். அரிசித் தட்டுப்பாடு இருக்கிற இந்தக் காலத்தில், கூப்பன் அரிசியை வாராவாரம் கட்டி வைத்துவிட்டு நாங்கள் மரவள்ளிக்கிழங்கு தின்றோம். பசுவை விற்றோம். கப்பலேறுகிறவர்கள் எப்படியும் விற்றுத்தானே ஆக வேண்டும் என்று தெரிந்து, வாங்க வந்தவன் பாதி விலைக்கு மேல் வாயைத் திறக்கவில்லை. கன்றுக்குட்டியோடு சேர்த்துக் கேட்டான், பாவி.

மிச்சத்துக்கு மொய் இருக்கிறது என்று தைரியமாக இருந்தோம். தோட்டத்தில் யார் அப்படி இல்லை? கைமாற்று வாங்கிச் செலவழிக்கிறோம், கல்யாணத்தன்று மொய் வருகிறது, கைமாற்றை அடைக்கிறோம். பிறகு அவரவர் வீட்டு விசேஷத்துக்குப் போய், வாங்கினதோடு கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்கிறோம். நம் அப்பா காலத்திலிருந்து இப்படித்தானே ஓடுகிறது.

இந்த நினைப்போடு சரசுவுக்கு ஒரு பட்டுச்சேலை எடுக்கப் பதுளைக்குப் போனேன். நம் நானாவின் துணிக்கடைதான். நீயும் நானும் தீபாவளிக்குத் தீபாவளி கடன் சொல்லித் துணி எடுத்த அதே கடை. சேலையைத் தேர்ந்தெடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "கணக்குல எழுதிக்கங்க நானா, கல்யாணம் முடிஞ்சதும் தந்துர்றேன்" என்றேன். நானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கோவிச்சுக்காதீங்க தங்கச்சி. பாஸ்போட் வந்தவங்களுக்குக் கடன் குடுக்கிறத நிப்பாட்டிட்டேன். உங்கள நம்பாம இல்ல. கடலுக்கு அந்தப் பக்கம் வந்து நான் யாருகிட்ட கேக்கிறது, சொல்லுங்க?"

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. சேலையைப் பட்டென்று போட்டுவிட்டு இறங்கினேன். அவர் பின்னாலேயே வந்து, "வாங்கின வெலைக்கே தாரேன், கைக்காசு குடுத்து எடுத்துட்டுப் போங்க. புள்ளைக்கு நானா குடுத்ததா இருக்கட்டும்" என்றார். நல்ல மனுசன் அக்கா. சீருக்குக் குடம் வாங்க வைத்திருந்த காசைக் கொடுத்து எடுத்தேன். ஆனாலும் நம் ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்கு வரும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அந்தப் பேச்சு நெஞ்சுக்குள் குடைந்துகொண்டே இருந்தது.

அவர் சொன்னது நியாயம்தானே? கடைக்காரருக்கே நான் திருப்பித் தரமாட்டேன் என்றால், நம் லயத்து வீட்டுச் சனங்களுக்கு மொய்யை எப்படித் திருப்பிச் செய்வேன்? முன்பு ஒரு குடும்பம் அவசரக் கல்யாணம் வைத்து, மொய்யை வாரிக்கொண்டு கப்பலேறிப் போனது. இன்றைக்கும் கொழுந்து எடுக்கிற இடத்தில் அவர்களைத் திட்டாத வாய் இல்லை. என் பெயரும் அப்படி அடிபடுவதா? உன் மகள் கல்யாணத்தை வைத்தா?

உனக்குத்தான் என் குணம் தெரியுமே. மறுநாள் காலையில் பெரட்டுக்களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்க எல்லாரும் கூடி நிற்கிற நேரம் பார்த்து, சத்தம் போட்டுச் சொல்லிவிட்டேன். "எங்க வீட்டுக் கல்யாணத்துல மொய் கெடையாது! நாங்க திருப்பிச் செய்ய முடியாதவங்க. எல்லாரும் வந்து வாயார வாழ்த்திட்டு, வயிறாரச் சாப்பிட்டுப் போங்க!"

அஞ்சலை எவ்வளவு ரோசக்காரி என்று மெச்சுவார்கள் என்று நினைத்தேன். எல்லாரும் பேரைக் கொடுத்துவிட்டு அவரவர் பாட்டுக்கு மலைக்கு நடந்தார்கள். மலையில் என் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானும் என் வீட்டுக்காரரும் கல்யாணம் சொல்ல வெத்திலை பாக்குத் தட்டோடு வீடு வீடாக ஏறினால், எடுத்துக்கொண்டு "பாப்போம்" என்கிறார்கள். வெத்திலை பாக்குக்குப் "பாப்போம்" என்று பதில் சொல்லி நீ கேள்விப்பட்டிருக்கிறாயா? ஒரு கிழவனார் நேரடியாகவே கேட்டுவிட்டார். "கைய வீசிட்டு வந்து தின்னுட்டுப் போறதுக்கு, நாங்க என்ன சோத்துக்கு அலையிறவங்களா? மொய் வேணாம்னா ஒறவும் வேணாம்னுதானே அர்த்தம்?"

"ஒன் வாய்க்கு ஒரு பூட்டுப் போடணும்டி!" என்று என் வீட்டுக்காரர் வழி நெடுகக் கத்திக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்து செலவை மறுபடியும் வெட்ட ஆரம்பித்தேன். பாயசம் வேண்டாம், இரண்டாவது கறி வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே போனேன். சரசு கேட்டுக்கொண்டே அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கடைசியில் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மேளமும் வேணாம் சித்தி, சோறும் வேணாம். ஆளுங்க வந்தா போதும். யாருமே வராட்டி அவங்க வீட்டுல என்ன நாதியத்தவன்னு நெனச்சிருவாங்க. நீங்களும் போயிட்டா, அப்புறம் எனக்குன்னு பேச யாரு இருக்கா?"

அன்றைக்கு அழுதேன் அக்கா. நீ போனபோது அழுததற்குப் பிறகு அப்படி அழுதது அன்றைக்குத்தான். வெட்டக்கூடாததை வெட்டிவிட்டு, பாயசத்தில் மிச்சம் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இந்த இடத்தில் மாரியாயி வருகிறாள். ஆமாம், அவளேதான். பீலியில் வாளி வைக்கிற சண்டையில் என் தலைமுடியைப் பிடித்தாளே, மேட்டு லயத்து மாரியாயி. அதற்குப் பிறகு நாங்கள் பேசுவதில்லை. அன்று சாயந்தரம் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வழியை மறித்தாள்.

"ஏய் அஞ்சல, கப்பலேறப் போறது நீ. புள்ள போறாளா?"

"அவ எங்க வாறா? அதுதானே என் தலையெழுத்து."

"அவ இங்கதானே இருக்கப்போறா? அப்ப அவ பேர்ல எழுதுவோம். அவ திருப்பிச் செய்யட்டும்."

"கட்டிக் குடுக்கிற பொண்ணு பேர்ல எவளாவது மொய் எழுதுவாளா? வீட்டு ஆம்பள பேர்லதானே எழுதுறது?"

"இதுவரைக்கும் எழுதல. இனி எழுதினா மலை சரிஞ்சிருமா? நீ மட்டும் பெரட்டுல நின்னு புதுச் சட்டம் பேசுவ, நான் பேசக்கூடாதா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நல்லா யோசிச்சுப் பாருடி. நாளைக்கு எம் மகன் கல்யாணத்துக்கு அவ வந்தாகணும். வரலைன்னா ஹாலிஎலைக்கே போயி வாசல்ல நின்னு கேப்பேன். மாமியாக்காரி விடலைன்னா, மொய் செய்யணும்னு சொல்லிட்டு வரட்டும். அத எந்த மாமியா மறிப்பா? லயத்துல எத்தன வீடு இருக்கு, எத்தன விசேஷம் வரும்! நீ இல்லாட்டியும் அவளுக்கு இங்க வந்து போக வழி வேணும்ல?"

நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "விடுடி, ஈரக்கை" என்று தட்டிவிட்டுப் போனாள். அவள் பாட்டுக்குப் போய் லயம் லயமாகச் சொல்லியும் விட்டாள்.

கல்யாணத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ! முதல்நாளே ஆம்பளைகள் விறகோடு வந்து பந்தலைப் போட்டுவிட்டார்கள். பெண்கள் அரிவாள்மணையோடு வந்து உட்கார்ந்து, காய் வெட்டினதைவிட என்னைக் கேலி பண்ணினதுதான் அதிகம். ஆளுக்கொரு சுண்டு அளந்த அரிசியோடு வந்தவர்களும் உண்டு. பாயசம் திரும்பி வந்தது. மொய் எழுத உட்கார்ந்தவர் கொப்பியின் தலைப்பில் என் வீட்டுக்காரர் பெயரை எழுதாமல், "சரஸ்வதி" என்று பெரிதாக எழுதினார். அவளுக்கு அப்படி ஒரு முழுப்பெயர் இருப்பதே பலருக்கு அன்றைக்குத்தான் தெரியும். மொய் வைத்தவர்கள் ஒவ்வொருவரும் மணவறைப் பக்கம் போய், "ஏ புள்ள, ஆவணியில எம் மகளுக்கு, மறந்துறாத", "எம் பேரனுக்குக் காது குத்துறப்ப வந்துரணும்" என்று அவளை அதட்டிவிட்டு வந்தார்கள். மாமியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கேட்கட்டும் என்றுதானே இவர்களும் சத்தமாகச் சொன்னது!

மொய்ப் பணத்தைத் துணியில் முடிந்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன். "அப்ப நம்ம செலவு?" என்று என் வீட்டுக்காரர் முழித்தார். "நம்ம செலவு நம்ம செலவுதான்" என்றேன். கப்பலுக்கென்று வைத்திருந்த காசில் கை வைத்தோம். அந்தக் கரையில் இறங்கும்போது கை கொஞ்சம் காலியாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். அவரும் முணுமுணுத்துவிட்டு, கடைசியில் "ஒன் அக்கா மக நல்லா இருந்தா சரி" என்றார்.

எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு, நானும் மொய் மேசைக்குப் போனேன். ஒரு அஞ்சு ரூபாய்த் தாளை வைத்து, "எழுதுங்க. அஞ்சலை, ஸ்பிரிங்வெளி" என்றேன். எழுதுகிறவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கதானே கல்யாண வீட்டுக்காரி?" என்று கேட்டார். சரசு மாலையும் கழுத்துமாக எழும்பி வந்துவிட்டாள்.

"பெத்தவங்க யாராச்சும் மொய் எழுதுவாங்களா சித்தி?"

கேட்டாயா அக்கா, என்ன சொல்லிவிட்டாள் என்று? நீ கோபித்துக்கொள்ளமாட்டாய்தானே? முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். ஆனாலும் விடவில்லை.

"பெத்தவ எழுதமாட்டாதான். கப்பலேறுற சித்தி எழுதுவா. எம் மகன் கல்யாணத்துக்கு நீ திருப்பிச் செய்யணும். கடல் இருக்கு, காசு இல்ல, பாஸ்போட் இல்லன்னு சாக்குச் சொல்லக்கூடாது, ஆமா."

சிரித்துக்கொண்டே அழுதாள். எழுதச் சொல்லித் தலையை ஆட்டினாள்.

இனி அவள் இந்த லயத்துக்கு ஒவ்வொரு விசேஷத்துக்கும் வருவாள். வரும்போதெல்லாம் உன் குழிமேட்டுக்கு வந்து ஒரு விளக்கு வைக்கச் சொல்லியிருக்கிறேன். நான் வர முடியுமோ என்னவோ, தெரியவில்லை.

ஆனால் ஒன்றை உனக்கு வாக்காகச் சொல்லிவிட்டுப் போகிறேன். அந்த அஞ்சு ரூபாயை நான் விடப்போவதில்லை. தபாலில் அனுப்பினால் திருப்பி அனுப்புவேன். யார் கையில் கொடுத்தனுப்பினாலும் வாங்கமாட்டேன். அவளே வந்து, என் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டு, "சரஸ்வதி, பதுளை" என்று தன் வாயால் சொல்லி எழுத வேண்டும். அதுவரைக்கும் நான் சாகவும் மாட்டேன், அக்கா.

உன் மகளுக்கு மொய் எழுதிய,
உன் தங்கச்சி அஞ்சலை