வட்டம் விழாத தட்டு

நவ. 4, செவ்வாய்
காலையிலிருந்து மழை. ராஜபாளையம் பஸ்ஸில் குடையை விட்டாச்சு. லேபில் இன்று சோழபுரம் பிராய்லர் பண்ணைகளின் கிருமி வளர்ப்புத் தட்டுகள். மூன்றாம் பண்ணை அத்தானுடையது. அக்கா வீட்டுக்காரர் என்பதால்தான் கோழி எச்சம் எடுக்கவே விட்டார். "என் பேரு வெளிய வராதுல்லா?" வராது என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அவர் பண்ணைத் தட்டில் சால்மோனெல்லா கிருமி. ஆறு மருந்து வில்லை வைத்தேன். மருந்துக்குக் கிருமி செத்தால் வில்லையைச் சுற்றித் தெளிவாக வட்டம் விழும். விழுந்தது ஒன்றுக்குத்தான். மற்ற ஐந்தையும் ஒட்டியே கிருமி, செழிப்பாக. ஜீன் சோதனையிலும் அதே. மருந்தை எதிர்க்கிற, ஒரு கிருமி இன்னொன்றுக்குக் கைமாற்றிவிடும் ஜீன். ஆய்வுக்கு அருமையான ரிசல்ட். சந்தோஷப்பட்டேன், மடச்சி.

நவ. 5, புதன்
அக்கா போன். அவள் மகள் பாப்பாவுக்கு ரத்தபேதி, காய்ச்சல். ஸ்ரீவில்லிபுத்தூரில் அட்மிட். சிப்ரோ ஏறியும் காய்ச்சல் இறங்கவில்லை. "கண்ணத் தொறக்க மாட்டேங்கா ஏட்டி."

சிப்ரோ. என் தட்டில் வட்டமே விழாத மருந்து. பாப்பாவோ பொழுதுக்கும் கோழிக்குஞ்சைக் கொஞ்சி, அந்தக் கையை வாயில் வைக்கிறவள்.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அத்தானிடம், கோழித் தண்ணீரில் என்ன மருந்து ஊற்றுகிறீர்கள்?

"மருந்தே கெடையாது. குஞ்சு எறக்குத கம்பெனிக்காரன் குடுக்க டானிக் மட்டுந்தான்."

போனில் டப்பா படம் காட்டினார். டானிக்காம். சிப்ரோவின் பங்காளி, அதே வகை ஆன்டிபயாடிக்! குடித்துக் குடித்தே கிருமி அதற்குப் பழகியிருக்கும்.

"டாக்டர்ட்ட சொல்லணும் அத்தான்."

"சொன்னா கம்பெனி குஞ்சு எறக்க மாட்டான். ஆஸ்பத்திரி ரிசல்ட்டு வரட்டும், செத்த பொறு."

அவருக்குப் பாப்பா என்றால் உயிர். அதனாலேயே கோபம் கூடுதலாக வருகிறது.

நவ. 6, வியாழன்
டாக்டரம்மாவிடம் தட்டின் படத்தைக் காட்டினேன். அதே கிருமிதானா, தெரியாது என்றும் சொன்னேன்.

"அந்தப் பண்ணைக்கும் இந்தப் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்?"

"இவ அப்பா பண்ணைதான்."

திரும்பினால் பின்னால் அத்தான்.

மருந்தை மாற்றினார்கள். வட்டம் விழுந்த அந்த ஒன்றுக்கு. இரவெல்லாம் ஜெபம், நான் கூட.

நவ. 8, சனி
ஆஸ்பத்திரி ரிசல்ட் வந்தது. அதே சால்மோனெல்லா, அதே மருந்துக்கு மட்டும் கட்டுப்படுகிறது. காய்ச்சல் 99. பாப்பா ரெண்டு வாய் கஞ்சி குடித்தாள். மூன்றாவதை என் துப்பட்டாவில் துப்பினாள். அழுகை வந்துவிட்டது.

அத்தானே கம்பெனி சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, இனி அந்த டானிக் ஊற்ற மாட்டேன் என்றாராம். அப்போ குஞ்சும் கிடையாது என்று வைத்துவிட்டானாம்.

"அவிய பொழப்புல மண்ணப் போட்டுட்டியே ஏட்டி," என்றாள் அக்கா. பாப்பா என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை மட்டும் அக்கா என்னிடமிருந்து வாங்கவில்லை.