ஜேக் ஆஸ்பத்திரியில் இல்லை

போத்தனூர்,
வியாழக்கிழமை.

அன்புள்ள கிறிஸ்டோ,

ஜேக் ஆஸ்பத்திரியில் இல்லை, பள்ளிக்கூடத்தில் இருக்கிறான். இன்று காலை போனில் இதை உறுதி செய்தவள் உன் மனைவி ஜோவிதா, அவனைப் பள்ளியில் விட்டுவிட்டு வரும் வழியில். போன வாரம் உன் பிள்ளைக்கு ஒரு தும்மல்கூட இல்லையாம், எதற்குக் கேட்கிறேன் என்று தெரியாமல் சிரித்தாள். நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இரு, அதற்குமேல் உன்னை நலம் விசாரிக்க இன்று மனம் வரவில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் எழுதி இன்றே கொரியரில் அனுப்புகிறேன்.

பிட்காயின் விலை பாதியாக விழுந்ததில் எனக்குக் கோபமில்லை. கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீயே சொன்னாய், விழும்போது பதறி விற்பவன்தான் தோற்பான், நான் சம்பளத்தில் மிஞ்சியதில் மட்டும் வாங்குவேன், கடனில் இறங்க மாட்டேன், ஜேக் காலேஜ் போகும்வரை தொடமாட்டேன் என்று. அந்தக் கணக்கைத் திறக்கச் சாவிபோல வேண்டிய இருபத்துநான்கு சொற்களில் பாதியை அம்மாவிடமும் பாதியை என்னிடமும் கொடுத்து, உன்னிடம் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல், "நான் அழுது கேட்டாலும் குடுத்துப்போடாதீங்கப்பா" என்றாய். தன்னைத்தானே கட்டிப்போடத் தெரிந்தவன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. விலை சரிந்ததும் என்னிடம் கேட்டுப் பார்த்தாய், மறுத்தேன். பிறகு நான் தாராபுரத்தில் துக்கம் விசாரிக்கப் போயிருந்த நேரம் பார்த்து அம்மாவைக் கூப்பிட்டு, ஜேக்குக்கு மூளைக்காய்ச்சல், உடனே பணம் வேண்டும் என்றிருக்கிறாய். அவள் அழுதுகொண்டே தன் பங்கைப் படித்துக் காட்டிவிட்டாள். நான் வந்ததும் என் பங்கையும் கேட்டு, "கொழந்த உசுர விடவா உங்க வாக்கு பெருசுங்க" என்று என்னோடு சண்டை. எதற்கு இந்தப் பணம் என்பதும் ஜோவிதா சொல்லித்தான் தெரிந்தது. ஆபீஸ் நண்பன் பேச்சைக் கேட்டு எல்லாவற்றையும் விற்று, அதன்மேல் பத்து மடங்கு கடன் வாங்கி, ஒரே வாரத்தில் விட்டதைப் பிடிக்கப் போகிறாயாம். "சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாடியும் அதே பேச்சுதானுங்க மாமா" என்றாள்.

இங்கே நடந்ததைக் கேள். மறுநாள் காலைப் பூசைக்கு அம்மா ஜேக்கின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டாள். ஃபாதர் அதை மைக்கில் வாசித்தார், கோயிலே முழங்காலில் நின்றது. அன்றிலிருந்து வீட்டுக்கு ஆள் வருவது நிற்கவில்லை. எதிர்வீட்டு தாஜுன்னிசா தர்காவில் ஓதிய தண்ணீரை பாட்டிலில் கொண்டுவந்து, "ஏனுங்க, இத கொரியர்ல அனுப்ப உடுவாங்களா" என்று கேட்டார். வாங்கி வைத்திருக்கிறேன். முப்பது வருஷம் பத்திரிகையில் ஒவ்வொரு செய்தியையும் இரண்டு பேரிடம் கேட்டுவிட்டு எழுதியவன் நான், இப்போது ஊரெல்லாம் பரவிய பொய் என் வீட்டிலிருந்து போயிருக்கிறது. நட்டத்தில் யாருக்கும் புத்தி தடுமாறும், அதை மன்னிப்பேன். பெற்ற பிள்ளையைப் படுக்கையில் போட்டு, பெற்றவளை அழவைத்து வாங்கினாயே, அதற்கு என்ன பேர் வைப்பது? விலை பார்க்கும் ஆப்பை முதலில் போனிலிருந்து எடு. மாதக் கடைசியில் மிஞ்சினால் வாங்கு, மிஞ்சாவிட்டால் சும்மா இரு, அந்தச் சும்மா இருப்பதுதான் உனக்கு வரவில்லை. அந்த நண்பனோடு டீ குடிக்கப் போவதையும் நிறுத்து. நேரத்துக்குத் தூங்கு, ஜோவிதா சமைத்து வைத்ததை அவள் முகம் பார்த்துச் சாப்பிடு.

என் பன்னிரண்டு சொற்கள் உனக்குக் கிடைக்காது. ஜேக் நன்றாக இருக்கிறான் என்று மட்டும் அம்மாவிடம் சொன்னேன், அவள் அழுவதைப் பார்க்க முடியவில்லை. பூசை பலித்துவிட்டது என்று கையெடுத்துக் கும்பிட்டாள், ஞாயிற்றுக்கிழமை நன்றிப் பூசைக்கும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். நீ சொன்னது பொய் என்பதை நான் அவளிடம் சொல்லப் போவதில்லை, சொன்னவனே திருத்த வேண்டும்.

ஆண்டவர் உங்கள் மூவரையும் காக்கட்டும். மறந்துவிடாதே, அம்மாவுக்கு இன்னும் உண்மை தெரியாது. அந்த நன்றிப் பூசைக்கு முன், சனிக்கிழமை மாலைக்குள், உன் வாயால் தெரிய வேண்டும். பேரன் முகம் பார்க்கலாம் என்று போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறாள்.

உன் அப்பா,
தேவானந்தம்